இருபத்தேழு வயதுப் பெண்ணும் முப்பது வருஷத்துக் கிரகமும்

"முப்பது வருஷம் வாழ்ந்தவனும் இல்லை, முப்பது வருஷம் கெட்டவனும் இல்லை" என்பது எங்கள் பக்கத்தில் கல்யாண வீட்டிலும் துக்க வீட்டிலும் ஒரே குரலில் சொல்லப்படுகிற பேச்சு. சொல்கிறவர் வானத்தை அண்ணாந்து பார்த்துச் சொல்வதில்லை. ஆனால் பேச்சுக்குள் ஒரு வானக் கணக்கு ஒளிந்திருக்கிறது. சனி சூரியனை ஒரு தடவை சுற்றிவர எடுத்துக்கொள்கிற காலம் சுமார் 29 வருஷம் ஐந்தரை மாதம். பன்னிரண்டு ராசி, ராசிக்கு இரண்டரை வருஷம் என்று போட்டால் முப்பது. வெறுங்கண்ணுக்குத் தெரிகிற கிரகங்களில் இதுதான் ரொம்ப மெதுவானது. சனைச்சரன் என்றால் மெள்ள நடப்பவன் என்றே பொருள். ஒரு குழந்தை பிறந்தபோது நின்ற இடத்துக்கு அது திரும்ப வந்து சேரும்போது குழந்தைக்கு முப்பது ஆகப்போகிறது. வேலை கிடைத்தது, போனது, கல்யாணம் ஆனது, ஆகாமல் நின்றது, சிங்கப்பூர் போனது, திரும்பியது எல்லாமே பெரும்பாலும் இந்த வயதை ஒட்டித்தான் நடக்கின்றன. வாழ்க்கை திரும்புகிற வயதும் கிரகம் திரும்புகிற வயதும் ஒன்றாக இருந்துவிட்டால், ஒன்றுக்கு மற்றது காரணம் என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்?

மேற்கிலும் சொன்னார்கள். 1970களில் அமெரிக்க, ஐரோப்பிய ஜோதிட எழுத்து யுங்கின் உளவியலைக் கைப்பிடித்துக்கொண்டு சனியைப் புதுப்பித்தது. லிஸ் கிரீன் 1976இல் சனியைப் பற்றி எழுதிய புத்தகம் இதில் பெயர்பெற்றது. அங்கே இருபத்தெட்டு, இருபத்தொன்பது வயதில் சனி திரும்புவது ஒரு தனிமனிதன் 'வளர்ந்து' தன்னைத் தானே சந்திக்கிற தருணம். தண்டிக்கிற கிரகம் பாடம் நடத்துகிற வாத்தியார் ஆகிவிட்டது. நம் ஏழரை வேறு. அது பிறந்தபோது சனி நின்ற இடத்திலிருந்து எண்ணப்படுவதில்லை. சந்திரன் நின்ற ராசியிலிருந்து, அதற்கு முந்தியதும் பிந்தியதும் சேர்த்து, மூன்று ராசிக்கு ஏழரை வருஷம் என்று எண்ணப்படுகிறது. முதல் சுற்று மங்கு சனி, இரண்டாவது பொங்கு சனி, மூன்றாவதன் பெயரைச் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். முக்கியமாக, நம் ஏழரை தனிமனிதனுக்கு வருவதில்லை, வீட்டுக்கு வருகிறது. "பொண்ணுக்கு ஏழரை, அப்பனுக்கு அஷ்டமம், வீடு எப்படி வெளங்கும்?" என்று கேட்கிற கிழவிக்கு யுங்கின் 'சுயம்' பற்றிச் சொல்லிப் புரியவைக்க முடியாது. அவள் பேசுவது குடும்பம் என்கிற பொருளாதார அலகைப் பற்றி.

ஒரு சின்னக் கணக்கு. எந்த நாளிலும் பன்னிரண்டு ராசியில் மூன்றுக்கு ஏழரை நடக்கிறது. எட்டாமிடத்தில் அஷ்டமச் சனி ஒரு ராசிக்கு, ஏழாமிடத்தில் கண்டகச் சனி ஒரு ராசிக்கு, நாலாமிடத்தில் அர்த்தாஷ்டமச் சனி ஒரு ராசிக்கு. ஆக மொத்தம் ஆறு. ஊரில் பாதிப்பேர் எப்போதும் சனியின் பிடியில்தான் இருக்கிறார்கள். மீதிப்பேர் இப்போதுதான் விடுபட்டவர்கள், அல்லது இனி மாட்டப்போகிறவர்கள். ஒரு ஜோசியர் "உங்களுக்கு சனி சரியில்ல" என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் இரண்டில் ஒரு தடவை சாஸ்திரப்படி சரியாகவே இருக்கும்.

சனி எப்போதுமே இப்படி வீட்டுக்குள் புகுந்திருந்ததா என்று கேட்டுப் பார்க்கலாம். புறநானூற்றில் கபிலர் பாரியின் நாட்டைப் பாடும்போது சனியை 'மைம்மீன்' என்று குறிப்பிடுகிறார். கருப்பு மீன். அது புகைந்தாலும், வால்வெள்ளி தோன்றினாலும், வெள்ளி தென்திசைக்கு ஓடினாலும் பாரி ஆண்டவரை நாடு மழை குறையாமல் இருந்தது என்பது பாட்டின் சாரம். பாரியின் பறம்பு என்று சொல்லப்படுகிற பிரான்மலை எங்கள் மாவட்ட எல்லையை ஒட்டித்தான் இருக்கிறது, இப்போது சிவகங்கை மாவட்டத்தில். அந்தப் பாட்டில் மைம்மீன் யாருடைய கல்யாணத்தையும் தள்ளிப்போடவில்லை. அதன் பகை மழையோடு, விளைச்சலோடு. அதற்கு எதிராக நிற்பது அரசனின் செங்கோல். கிரகம் நாட்டின் பிரச்சினையாக இருந்திருக்கிறது. தனியாளின் பிரச்சினையாக இல்லை.

இடைக்காலக் கல்வெட்டுகளிலும் வானம் இருக்கிறது. புதுக்கோட்டை சமஸ்தானத்துக் கல்வெட்டுகள், குடுமியான்மலையும் திருமயமும் நார்த்தாமலையும் உட்பட ஆயிரத்துக்கும் மேற்பட்டவை, 1929இல் அச்சாயின. அரசனின் ஆட்சியாண்டு, சூரிய மாதம், திதி, கிழமை, நட்சத்திரம் என்று தேதி போட்டிருக்கும். இந்தத் தேதிகளை ஆங்கில வருஷத்துக்கு மாற்ற ஆராய்ச்சியாளர்கள் புரட்டியது எல்.டி. சாமிக்கண்ணுப் பிள்ளை 1922இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட இந்தியப் பஞ்சாங்க அட்டவணையை. கி.பி. 700 தொடங்கி 1799 வரை ஒவ்வொரு நாளுக்கும் கணக்கு. அவர் கத்தோலிக்கர். அவருக்கு நட்சத்திரம் என்பது ஏரி மதகுக்கு நிலம் விட்டதும், கோயில் விளக்குக்கு ஆடு விட்டதும் என்றைக்கு என்று கண்டுபிடிக்கிற கருவி. இதுவும் ஜோதிஷம்தான், ஆனால் பின்னோக்கிப் பார்க்கிற ஜோதிஷம். இந்த நாட்டு வரலாற்றெழுத்து பஞ்சாங்கத்துக்குக் கடன்பட்டிருக்கிறது என்பதைப் பகுத்தறிவாளர்களாகிய நாம் கொஞ்சம் கூச்சத்தோடாவது ஒப்புக்கொள்ள வேண்டும்.

கணக்குக்கும் பலனுக்கும் நடுவிலிருக்கிற இந்தக் கோடு முக்கியமானது. ஜான் வாரன் என்கிற கம்பெனி அதிகாரி 1825இல் வெளியிட்ட காலசங்கலித நூலில் பாண்டிச்சேரிக்காரர் ஒருவர் வருகிறார். பஞ்சாங்கம் கணிப்பவர். தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களைச் சொல்லிக்கொண்டே அந்த வருஷத்துச் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். பிழை ஒரு மணி நேரத்துக்குள் அடங்கியது. கணித வரலாற்றாசிரியர் நியூகபாவர் 1952இல் இதைத் தனிக் கட்டுரையாக எழுதி உலகத்தின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். அந்த மனிதர் மூடநம்பிக்கைக்காரரா? கேள்வியே அபத்தமாக ஒலிக்கிறது. தலைமுறை தலைமுறையாக வாய்வழியாக வந்த கணித அறிவு அது. ஆனால் அதே வாக்கியங்கள்தான் இன்றைக்கும் வாக்கியப் பஞ்சாங்கமாக அச்சாகி, எந்தப் பெண்ணுக்கு எப்போது ஏழரை என்றும் சொல்கின்றன.

சொல்வதிலும் ஒரு சிக்கல். வாக்கியம் ஒன்று சொல்கிறது, திருக்கணிதம் இன்னொன்று சொல்கிறது. திருக்கணிதப்படி சனி கும்பத்துக்கு வந்தது 2023 ஜனவரி 17. திருநள்ளாற்றில் பெயர்ச்சி கொண்டாடியது வாக்கியப்படி 2023 டிசம்பர் 20. பதினோரு மாத வித்தியாசம். அடுத்த பெயர்ச்சிக்குத் திருக்கணிதக்காரர்கள் 2025 மார்ச் 29 என்றார்கள். தொலைக்காட்சியெல்லாம் ராசிபலன் சொல்லி முடித்துவிட்டது. திருநள்ளாறு கோயில் நிர்வாகம், எங்கள் கணக்கில் இந்த வருஷம் பெயர்ச்சியே இல்லை, 2026இல்தான் என்று அறிவிப்புக் கொடுக்க வேண்டியதாயிற்று. வானத்தில் இருப்பது ஒரு சனி. கீழே இரண்டு சனி, இரண்டுக்கும் நடுவில் கிட்டத்தட்ட ஒரு வருஷம். இருபத்தெட்டு வயதுப் பெண்ணுக்கு ஒரு வருஷம் என்றால் என்ன என்று பெண்ணைப் பெற்றவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

*

பெண்ணின் ஜாதகம்தான் இங்கே பிரதி. ஆணின் ஜாதகம் அடிக்குறிப்பு. மூலம் மாமனாருக்கு ஆகாது, ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது, கேட்டை மூத்தாருக்கு, விசாகம் இளையவனுக்கு, பூராடம் நூலாடாது. இருபத்தேழு நட்சத்திரத்தில் ஐந்து போயிற்று. இந்த ஐந்தும் பெண்ணுக்கு மட்டும்தான் இப்படி. ஆண் மூலத்தில் பிறந்தால் அரசாளுவானாம். இந்தப் பழமொழிகளைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் தெரியும்: மருமகளாக வருகிறவள் யார் யாருக்கெல்லாம் ஆபத்து என்பதன் முழுப் பட்டியல் இது. மாமனார், மாமியார், மூத்தார், கொழுந்தன், புருஷன். கூட்டுக்குடும்பம் உள்ளே வருகிற அன்னியப் பெண்ணைப் பற்றிக் கொண்டிருக்கிற பயம் வானத்தின்மேல் எழுதப்பட்டிருக்கிறது.

பிறகு செவ்வாய். லக்னத்திலிருந்து 2, 4, 7, 8, 12 ஆகிய இடங்களில் செவ்வாய் இருந்தால் தோஷம். பன்னிரண்டில் ஐந்து என்றால் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல். சந்திரனிலிருந்தும் சுக்கிரனிலிருந்தும் சேர்த்துப் பார்க்கிற ஜோசியர்களிடம் போனால் கணக்குப்படி நூற்றுக்கு எண்பது பேருக்குத் தோஷம் வந்துவிடும். அப்புறம் நிவர்த்தி, விதிவிலக்கு, பரிகாரம். எண்பது பேரை உள்ளே தள்ளிப் பூட்டிவிட்டு ஒவ்வொருவராகச் சாவி கொடுத்து வெளியே விடுகிற ஏற்பாடு. சாவிக்குக் கூலி உண்டு.

இந்தப் பூட்டைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் புதுக்கோட்டையில் 1886 ஜூலை 30இல் பிறந்த ஒரு பெண் ஞாபகத்துக்கு வருகிறார். முத்துலட்சுமி. பின்னால் ரெட்டி. தகப்பனார் நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியில் முதல்வராக இருந்தவர். தாயார் சந்திரம்மாள், இசை வேளாளர் வகுப்பு. அவர் 'முதல்' ஆன கதைகள் பாடப்புத்தகத்தில் வருபவை: ஆண்கள் கல்லூரியில் படிக்க மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி கொடுத்தது, ஊர் எதிர்த்தது, 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தது, 1912இல் பட்டம் பெற்றது, 1927இல் சட்டசபையின் துணைத்தலைவர் ஆனது, பொட்டுக்கட்டுதலை எதிர்த்துத் தீர்மானம் கொண்டுவந்தது, 1930களின் அவ்வை இல்லம், 1950களின் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. நான் சொல்ல வருவது இவற்றுக்கு நடுவில் பாடப்புத்தகம் ஒரே வரியில் தாண்டிவிடுகிற 1914 ஏப்ரல். அவருடைய கல்யாணம். அப்போது வயது 27, எட்டு மாதம் கூட.

1914இல் ஒரு பெண் இருபத்தேழு வயதுவரை கல்யாணம் ஆகாமல் இருப்பது என்றால் என்ன அர்த்தம் என்பதை இன்றைய இருபத்தேழை வைத்து அளக்க முடியாது. குழந்தைமணத் தடுப்புச் சட்டம் 1929இல் வந்தபோதே பெண்ணின் குறைந்தபட்ச வயதைப் பதினாலு என்றுதான் வைக்க முடிந்தது, அதற்கே அவ்வளவு எதிர்ப்பு. அந்தக் காலத்துக் கணக்கில் இருபத்தேழு என்பது பேரன் எடுக்கத் தயாராகிற வயது. மகளுக்குக் கல்யாணம் ஆகவில்லையே என்பது தாயின் ஓயாத கவலையாக இருந்தது. மகள் படித்துக்கொண்டிருந்தார்.

இங்கே ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கலாம். ஐயர் தகப்பனுக்கும் இசை வேளாளத் தாய்க்கும் பிறந்த பெண்ணின் ஜாதகத்தை எந்த வீட்டு ஜாதகத்தோடு வைத்துப் பொருத்தம் பார்ப்பது? தினம், கணம், மகேந்திரம், ஸ்திரீ தீர்க்கம், யோனி, ராசி, ராசியதிபதி, வசியம், ரஜ்ஜு, வேதை என்று பத்துப் பொருத்தம் சொல்கிறார்கள். இந்தப் பத்துக்கும் முன்னால், கட்டத்தில் எழுதாமலே, வாயால் சொல்லாமலே பார்த்து முடிக்கப்படுகிற ஒரு பொருத்தம் உண்டு. சாதி. அது பொருந்திய பிறகுதான் மற்றப் பத்தும் பேச்சுக்கு வரும். சாதி எங்கே கலங்கியிருக்கிறதோ அங்கே ஜாதகம் ஊமையாகிவிடுகிறது. தாயின் மரபில் பொட்டுக்கட்டப்பட்ட பெண்களுக்கோ மாப்பிள்ளை சாமி. சாமிக்குச் செவ்வாய் தோஷம் பார்த்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. ஜாதகம் மனிதர் எல்லோரையும் பற்றிய சாஸ்திரம் என்று சொல்லப்படுகிறது. நடைமுறையில் அது சாதிக்குள் நடக்கிற மணத்தின் அலுவலகத் தாள்.

முத்துலட்சுமி டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தது 1872ஆம் வருஷத்து மூன்றாவது சட்டத்தின்படி. தன்னைச் சமமாக மதிக்க வேண்டும், தன் விருப்பத்துக்குக் குறுக்கே நிற்கக்கூடாது என்று நிபந்தனை வைத்து அதன்பிறகே சம்மதித்தார். அந்தச் சட்டம் பிரம்ம சமாஜத்தாரின் கோரிக்கையிலிருந்து பிறந்தது. அதன்படி மணம் செய்துகொள்கிற இருவரும் தாங்கள் இந்து, கிறிஸ்தவ, இஸ்லாம் முதலிய எந்த மதத்தையும் சேர்ந்தவர்கள் அல்ல என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். 1923இல் ஒரு திருத்தம் வரும்வரை இந்துக்களுக்கு அதிலிருந்து தப்ப வழியில்லை. பதிவாளருக்கு முன்கூட்டியே அறிவிப்புக் கொடுத்துவிட்டுப் பதினாலு நாள் காத்திருக்க வேண்டும். ஆட்சேபம் இருப்பவர்கள் சொல்லலாம். முகூர்த்தம் குறிப்பதற்குப் பதிலாகப் பதினாலு நாள் அறிவிப்பு! பஞ்சாங்கத்தின் இடத்தில் அரசாங்கத்தின் நாட்குறிப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரு கண்காணிப்பு போய் இன்னொரு கண்காணிப்பு வந்தது என்று ஃபூக்கோவைப் படித்தவர்கள் சொல்லலாம். தப்பில்லை. 1954ஆம் வருஷத்துச் சிறப்புத் திருமணச் சட்டம் அந்தப் பதினாலை முப்பதாக்கி இன்றுவரை வைத்திருக்கிறது. அந்த முப்பது நாளில்தான் சாதி விட்டுக் கல்யாணம் செய்துகொள்கிறவர்களைத் தேடிக்கொண்டு வீட்டார் ஆளோடு வருகிறார்கள். ஆனாலும் 1914இல் அந்தக் கையெழுத்து ஒரு கதவு. கலங்கிய பிறப்புக்காரியும், வயது தாண்டியவளும், நிபந்தனை போடுகிறவளும் உள்ளே நுழைய இருந்த ஒரே கதவு.

ஒரு இடைச்செருகல். அவருக்குக் கல்லூரிக் கதவைத் திறந்துவிட்ட மன்னர் 1915 ஆகஸ்டில் மெல்போர்னில் மோலி ஃபிங்க் என்கிற ஆஸ்திரேலியப் பெண்ணை மணந்தார். அப்போது அவருக்கு 39 வயது. பிரிட்டிஷ் அரசு அந்த மணத்தை அங்கீகரிக்கவில்லை. 1916இல் பிறந்த மகனுக்குப் பட்டம் இல்லை என்றாயிற்று. மன்னர் நாட்டைவிட்டே போய் 1928இல் பாரிஸில் இறந்தார். அரசருக்குப் பொருத்தம் பார்த்தது வெள்ளைக்காரனின் அரசியல் இலாகா, தோஷம் கண்டுபிடித்ததும் அதுவே. ஒரே ஊர், பதினாறு மாதத்துக்குள் இரண்டு கல்யாணம். இரண்டிலும் பிறப்பு, இனம், வாரிசு என்பவைதான் பேச்சு.

ஜோதிட ஆர்வலர் யாராவது இதைப் படித்தால் சும்மா விடமாட்டார். இருபத்தேழு, இருபத்தெட்டு, சனி திரும்புகிற காலம், பார்த்தீர்களா என்பார். சனி பிறந்த இடத்துக்குத் திரும்ப 29 வருஷம் ஐந்தரை மாதம் என்றால் முத்துலட்சுமிக்கு அது வந்திருக்க வேண்டியது 1916 தொடக்கத்தை ஒட்டி. அவர் சனிக்காகக் காத்திருக்கவில்லை. அதே 1914இல், அவர் கல்யாணத்துக்கு முந்திய மாதம் மார்ச் 17ஆம் தேதி, கும்பகோணத்து ராமானுஜன் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார், வயது 26. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் என்னமோ நடந்திருக்கிறது போலத் தோன்றும். இப்படிப் பக்கத்தில் வைப்பதுதான் ஜோதிடத்தின் முறையியல். பொருந்துகிற இரண்டை எடுத்து வைப்பது, பொருந்தாத இரண்டு லட்சத்தை ஊரிலேயே விட்டுவிடுவது.

*

ஜாதகம் எல்லோரிடமும் எப்போதும் இருந்ததில்லை. கள்ளர், முத்தரையர், வலையர் என்று எங்கள் பக்கத்துப் பெரும்பான்மைச் சாதிகளில் கல்யாணம் நடந்தது முறையை வைத்து. மாமன் மகள், அத்தை மகன். உரிமைப் பெண்ணுக்கு ஜாதகம் எதற்கு? கட்டாவிட்டால்தான் வம்பு. பிறந்த தேதியே தெரியாது, "புயலடிச்ச வருஷம்" "கம்மாய் ஒடஞ்ச வருஷம்" என்பதுதான் பிறப்புச் சான்றிதழ். நாள் கேட்க வேண்டுமானால் வள்ளுவரிடம் போவார்கள். பறையர்களுக்குப் புரோகிதமும் ஜோசியமும் பார்த்தவர்கள் என்று 1909இல் தர்ஸ்டன் எழுதிய அதே வள்ளுவர். மற்றச் சாதிக்காரர்களும் அவர் திண்ணைக்கு வெளியே நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். தீண்டக்கூடாதவர் சொல்கிற நல்ல நேரம் மட்டும் தீட்டாகாது என்பது நம் சமூகத்தின் பழைய வசதி.

முறை தளர்ந்தபோதுதான் ஜாதகம் வீட்டுக்கு வீடு வந்தது என்பது என் எண்ணம். படித்த பையன், அரசாங்க வேலை, வெளிநாட்டுச் சம்பளம் என்று மாப்பிள்ளைகளுக்கு விலை ஏறியது. மாமன் மகள் வேண்டாம் என்று சொல்ல ஒரு பாஷை தேவைப்பட்டது. 'பொண்ணு கறுப்பு', 'நகை போதாது', 'உங்க குடும்பம் இப்ப நொடிச்சுப் போச்சு' என்றெல்லாம் சொன்னால் வெட்டுக்குத்து. "ஜாதகம் பொருந்தலைங்க" என்றால் யாருக்கும் கோபம் வராது. வானத்தோடு யார் சண்டை போடுவது? மறுப்பைச் சொல்லவும் மறுப்பை வாங்கிக்கொள்ளவும் இதைவிட நாகரிகமான கருவி நம்மிடம் இல்லை. பகுத்தறிவுப் பிரச்சாரம் ஜாதகத்தைப் பொய் என்று நிரூபித்துக்கொண்டே இருந்தது. ஜாதகம் உண்மையா பொய்யா என்பது அதைப் புழங்குகிறவர்களின் கேள்வியாகவே இருந்ததில்லை. அது என்ன வேலை செய்கிறது என்பதுதான் கேள்வி.

சுயமரியாதைத் திருமணங்கள் 1928இலிருந்து நடந்தன. ராகுகாலத்தில் வேண்டுமென்றே வைத்துக்கொண்ட கல்யாணங்கள் உண்டு. 1967இல் சட்டத்திருத்தமும் வந்தது. இது லேசான காரியமல்ல. ஆனால் ராகுகாலத்தில் தாலி கட்டியவர்களிலும் சாதிக்குள்ளேயே கட்டியவர்கள் எத்தனை பேர் என்று நமக்கு நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். பத்துப் பொருத்தத்தைத் தள்ளிவிட்டு எழுதாத அந்த ஒரு பொருத்தத்தை வைத்துக்கொண்டால் தள்ளியது எதை?

அடோர்னோ 1952 நவம்பரிலிருந்து மூன்று மாதம் லாஸ் ஏஞ்சலீஸ் டைம்ஸ் பத்திரிகையின் ராசிபலன் பத்தியைத் தினமும் வாசித்து ஒரு ஆய்வு எழுதினார். அவர் கவனித்தது: பத்தி எழுதுகிறவர் அற்புதம் எதையும் சொல்வதில்லை. மேலதிகாரியோடு ஒத்துப்போ, காலையில் வேலை பார், மாலையில் சந்தோஷமாக இரு, வரவுக்குள் செலவு செய். உள்ளபடியே இருக்கிற உலகத்துக்கு உன்னை வளைத்துக்கொள் என்பதை நட்சத்திரம் சொல்வதாகச் சொல்வது. நம் பத்திரிகைகளின் சனிப்பெயர்ச்சி இணைப்பையும் இப்படி வாசிக்கலாம். "வாழ்க்கைத்துணையிடம் வாக்குவாதம் தவிர்க்கவும்" என்று மேஷத்திலிருந்து மீனம்வரை எழுதியிருக்கும். ஆனால் அடோர்னோவின் வாசகர் தனியாகப் பத்திரிகை படிக்கிற நகரவாசி. எங்கள் ஊரில் பலனைப் படிப்பவர் ஒருவர், கேட்பவர் நாலு பேர், அதற்கு எதிர்ப்பேச்சுப் பேசுகிறவள் அடுப்படியிலிருந்து ஒருத்தி. பிரதிக்கு இங்கே எதிர்க்குரல் உண்டு. இருபத்தெட்டு வயதில் குடிகாரப் புருஷனை விட்டுவிட்டுத் தாய்வீடு வந்தவளைப் பார்த்து ஊர் "அவளுக்கு ஏழரை" என்றது. அவளும் "ஆமா, ஏழரை முடியட்டும், போறேன்" என்றாள். ஏழரை முடிந்து எத்தனையோ வருஷம் ஆயிற்று. அவள் போகவில்லை. சனியைச் சாக்காக வைத்து ஒரு பெண் வாங்கிக்கொண்ட வாய்தா அது. மூடநம்பிக்கை என்று ஒரே வார்த்தையில் இதை அடைத்துவிட முடியுமா?

*

1991இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. ஆட்சியராக ஷீலா ராணி சுங்கத். கூடவே பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். ஆயிரம் இரண்டாயிரமல்ல, பல்லாயிரக்கணக்கில். குவாரியில் கல் உடைத்தவர்கள், களையெடுத்தவர்கள், கிராமச் செவிலியர்கள், அங்கன்வாடிக்காரர்கள். சாய்நாத் நேரில் வந்து பார்த்து எழுதினார். அந்தப் பெண்களில் கணிசமானவர்கள் இருபதுகளின் கடைசியில் இருந்தவர்கள். பதினாறு பதினேழில் கட்டிக்கொடுக்கப்பட்டு, இரண்டு மூன்று பெற்று, கைக்குழந்தை காலால் நடக்க ஆரம்பித்த பிறகு முதல் தடவையாக ஒரு மணி நேரம் தனக்கென்று கிடைத்தவர்கள். அவர்கள் வாழ்க்கையில் ஏதோ திரும்பியது. தண்ணீர்க் குடத்தைக் கேரியரில் கட்டிக்கொண்டு போனார்கள். பஸ்ஸுக்குக் காத்திருப்பது நின்றது. ஆம்பளைங்க கிண்டல் பண்ணினார்கள், பிறகு சைக்கிளை இரவல் கேட்டார்கள். எந்தக் கிரகமும் இதில் தலையிட்டதாகத் தெரியவில்லை. ஒரு ஆட்சியர், கொஞ்சம் தொண்டர்கள், ஆண்கள் ஓட்டுகிற பழைய சைக்கிள்கள்.

எழுத்துக் கற்றவர்கள் முதலில் என்ன படித்தார்கள் என்று அப்போது தொண்டராக இருந்த நண்பரைக் கேட்டேன். பஸ் பலகை என்பார் என்று நினைத்தேன். "காலண்டர்" என்றார். தினம் கிழிக்கிற சிவகாசிக் காலண்டர். வீட்டில் இருந்த ஒரே அச்சுத்தாள் அதுதான். ராகு காலம், எமகண்டம், குளிகை, சந்திராஷ்டமம். அதுவரை மாமனாரோ வாத்தியாரோ படித்துச் சொன்னதை இப்போது அவளே படித்தாள். நாம் எழுத்தறிவைக் கொடுத்தால் ஜோசியம் ஓடிவிடும் என்று நம்பினோம். ஓடவில்லை, கை மாறியது. 2001இல் பல்கலைக்கழக மானியக் குழு ஜோதிடத்தைப் பாடமாக வைக்கச் சொன்னதும், 2004இல் உச்சநீதிமன்றம் அதில் குறுக்கிட மறுத்ததும் தனிக்கதை. படித்தவர்கள் ஜோசியத்தை விட்டுவிட்டார்கள் என்று யாரும் இனி சொல்ல வேண்டாம்.

எனக்குச் சித்தி முறையாகிற ஒருத்தி அந்த அறிவொளி வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றவர்தான். பிற்பாடு மகளுக்கு மாப்பிள்ளை தேடியபோது ஏழெட்டு இடம் தட்டிப்போயிற்று. மகளுக்கு இருபத்தேழு நடக்கிறது. மூல நட்சத்திரம். ஜெராக்ஸ் எடுத்து எடுத்துக் கட்டமே மங்கிவிட்டது. சித்தி ஒருநாள் ஜாதக நோட்டை எடுத்துத் தானே எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறந்த நேரம் போட்டிருந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். பிரசவம் நடந்தது வீட்டில். கடிகாரம் பார்த்தவர் யாருமில்லை. அந்த நேரத்தைச் சொன்னது செத்துப்போன மாமியார். மறுநாள் டவுனுக்குப் பஸ் ஏறினார். ஜோசியரிடம் போய், "பொறந்தது அந்த நேரமில்லீங்க, கொஞ்சம் பிந்தி. பெத்தவ நான் சொல்றேன், எழுதுங்க" என்றார். எவ்வளவு பிந்தி என்று ஜோசியர் கேட்டார். "மூலம் முடிஞ்சு எத்தனை நாழி ஆனா உத்திராடம் வரும்? அவ்வளவு" என்றார் சித்தி. பூராடத்தையும் தாண்டித்தான் உத்திராடம் வரும் என்றால் ஒரு நாளே தள்ளிப்போகுமே என்று அவர் முனகினார். "தள்ளட்டும்" என்று நூறு ரூபாயை எடுத்து வைத்தார்.

புது நோட்டு மஞ்சள் தடவி வந்தது. அடுத்த ஆவணியில் கல்யாணம்.